நாலாவது மடை

வயலில் தண்ணீர் போதிய அளவு ஏறியதும் மோட்டாரை நிறுத்தும் சின்னப் பெட்டி ஒன்றை என் மகள் செய்தாள். ஒவ்வொரு மடையிலும் ஒரு சென்சார் தண்ணீரின் அளவைப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டியில் மெமரி மிகக் குறைவு.

“மொத்தம் எத்தனை மடைப்பா? பத்துக்கு இடம் விட்டா வீணாப் போயிடும். சரியாச் சொல்லுங்க.”

“மூணும்மா” என்றேன்.

நான்கு இருந்தன, இதைப் படிக்கும் பிள்ளைகளே. நான்காவது, பக்கத்து வயலுக்குத் தண்ணீர் வடிய அந்த வயல்காரரைக் கேட்காமல் நான் வெட்டியது. சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் சென்னைக்குப் போனதும், அதையும் பெட்டி கவனிக்கட்டும் என்று, மாற்றுக்கு வைத்திருந்த சென்சாரை அந்த மடையில் நட்டுப் பெட்டியில் சொருகினேன். மூன்றுக்கே விட்ட இடத்தில் நான்காவது மடையின் அளவு அடங்காமல், பக்கத்தில் பதிந்திருந்த, மோட்டார் நிற்க வேண்டிய அளவை அழித்துவிட்டது. இதைப் பிறகு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். நாளெல்லாம் மோட்டார் ஓடி, பக்கத்து வயலின் நாற்றங்கால் மூழ்கியது.

மகள் ஓடிவந்தாள். அந்த வயல்காரரிடம், “என் தப்புதான் பெரியப்பா” என்றாள்.

“பொட்டிக்குப் பாடம் சொல்லிக் குடுத்தியே, நீ படிச்சியா?” என்றார் அவர்.

அவள் பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள். நான்காவது மடையின் சென்சாரை நான் முன்பே பிடுங்கி ஒளித்திருந்தேன்.

இன்றும் அவள் தன் புரோகிராமில் பிழை தேடுகிறாள். உங்களுக்கு எழுதிவிட்டேன், அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை.