எந்த நாட்டு இரண்டு மணி?

எத்தியோப்பியாவிலிருந்து முழங்கால் அறுவை சிகிச்சைக்காக வந்திருந்த அந்த ராணுவ வீரர், மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். சோமாலியாவில் பல நாட்டு அமைதிப்படையில் இருந்தபோது பட்ட காயம். நாளை இரண்டு மணிக்கு என் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

மதியம் திரும்பியபோது அவர் கேட் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார்.

"இன்னா சார் இது, காலைல எட்டு மணிலேர்ந்து நின்னுகினே கீறாரு. சேர் குட்த்தாலும் உக்கார மாட்டேன்றாரு!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் காலோடு ஆறு மணி நேரமா?

"இரண்டு மணி என்றுதானே சொன்னேன்?" என்று கத்தினேன்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்கள் ஊரில் பொழுது விடிந்ததிலிருந்துதான் மணியை எண்ணுவோம். உங்கள் காலை எட்டு, எங்களுக்கு இரண்டு. படையில் யார் நேரம் சொன்னாலும் எந்த நாட்டு நேரம் என்று கேட்டுக்கொள்வோம். உங்களிடம் கேட்க மறந்துவிட்டேன். தவறு என்னுடையது."

"சரி, உட்கார்ந்திருக்கலாமே?"

"காவலில் நம்மை மாற்ற வரும் ஆள் தாமதித்தால், நாம் உட்காருவதில்லை."

மின்சார ரயில் பத்து நிமிடம் தாமதமானால் தாம்பரம் ஸ்டேஷனையே திட்டித் தீர்ப்பவன் நான். கார் கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். அதன் பிறகுதான், பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கினார்.