குண்டூசிக்கு இடமில்லாத தூரம்

இலங்கையில், ஹட்டன் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஓர் உலகப்படம் தொங்கியது. கொழும்பில் ஒரு குண்டூசி, லண்டனில் ஒரு குண்டூசி, இரண்டையும் இணைத்துச் சிவப்பு நூல். கட்டியவர் பெரிய கிளாக்கர். வெள்ளைக்காரத் தொரை வீட்டார் யாராவது சீமைக்குப் பறந்தால், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு பச்சை ஊசியை நூலோரமாக நகர்த்துவார். "தொரைசாணி இப்ப கராச்சி தாண்டிருப்பாங்க" என்று, பெற்ற மகளே போவதுபோல் பூரிப்பார். திருச்சிக்கும் ஓர் ஊசி குத்தும்படி ஒருமுறை கேட்டேன். கொழும்பு ஊசியோடு முட்டிக்கொள்ளும், இடமில்லை என்று சிரித்தார். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திருச்சியில்தான் அக்கா இருந்தாள். அத்தை மகன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுப்பது எங்களுக்கு வழக்கமில்லை. அக்கரையானாலும் அவனுக்கே கட்டிவைத்தோம். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, தலைப்பிரசவத்தில் அவளுக்கு ஆபத்து என்று தந்தி வந்தது. அம்மா கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் ஆபீசுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியிருந்தது; இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு எங்கள் மனுவை எழுதிக்கொடுத்தவர் அந்தக் கிளாக்கர். அது விசாரணைக்குக் காத்துக் கிடந்தது. அவரைக் கேட்காமல் கடல் தாண்ட அம்மாவுக்குப் பயம். அன்று தொரைசாணி, தங்கை கல்யாணத்துக்காக லண்டன் பறந்துகொண்டிருந்தாள். கிளாக்கர் பச்சை ஊசியோடு படத்தின் முன் நின்றார்.

"புள்ளைய ஒருக்கா பாத்துட்டு ஓடியாந்துர்றேங்கய்யா" என்று அழுதாள் அம்மா.

அவர் படத்திலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "போ, நான் தடுக்கல. போனா, அங்கதான் ஒனக்கு ஊருன்னு எழுதிக்குவாங்க. மனு செத்துரும். மத்த மூணு புள்ளைங்களும் நாடில்லாம நிக்கும்."

அம்மா கூடையோடு மலைக்கே திரும்பினாள். ஐந்தாம் நாள் அடுத்த தந்தி வந்தது. அக்கா போய்விட்டாள், பெண் குழந்தை மட்டும் பிழைத்துக்கொண்டது. ரயிலும் கப்பலுமாகத் திருச்சிக்கு இரண்டு நாள். தொரைசாணி லண்டன் போய்ச் சேரவும் ஏறக்குறைய அதே இரண்டு நாள்தான். அவள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டாள். அம்மா மகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு விசாரணை நடந்தது. பெரிய மகளை எங்கே கொடுத்தாய் என்று அதிகாரி கேட்டார். அம்மா உள்ளதைச் சொன்னாள். இந்தியாவோடு உறவு விடவில்லை என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். போயிருந்தாலும் இதே கதிதான். அம்மா சாகும்வரை கிளாக்கரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அவர் தெரிந்ததைத்தானே சொன்னார் என்பாள். அந்தப் பெருந்தன்மை எனக்கு இல்லை, வேண்டவும் வேண்டாம்.

பின்னாளில் சட்டம் மாறி, எனக்கு இலங்கைக் கடவுச்சீட்டு கிடைத்தபோது தலை நரைத்துவிட்டது. கொழும்பில் விமானம் ஏறினேன். இடுப்பு வாரை அவிழ்க்கச் சொன்னவர்கள், நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மறுபடி கட்டச் சொன்னார்கள். ஒரு மணி நேரம், அவ்வளவுதான். திருச்சி விமான நிலைய வாசலில் அக்காவின் மகள் நின்றாள். அக்காவின் அதே நெற்றி.

வண்டியில் மெதுவாகக் கேட்டாள்: "இவ்வளவு கிட்டத்துலதான் இருந்திருக்கீங்க. அம்மாவப் பாக்க ஏன் யாருமே வரல சித்தி?"

மனு, விசாரணை, நாடு என்று ஏதேதோ சொன்னேன். சொல்லும்போது என் கண்முன் நின்றது அந்தச் சுவர்ப்படம்தான். அம்மா அழுது முடிக்கும்வரை, அந்த மனிதர் பச்சை ஊசியைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.