மைக் முன்னால் என் தந்தை

பட்டிமன்ற மேடைகளில் நடுவர்களை விளித்தே பேசிப் பழகிய நாக்கு என்னுடையது. இங்கே தீர்ப்பு வேண்டியதில்லை. வாசகரே, நீங்கள் சாட்சியாக மட்டும் இருங்கள்.

என் தந்தை சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர். கூலி விவசாயிகளின் பிள்ளை. நெய்வேலிச் சுரங்கத்தில் பெர்மனன்ட் ஆகி, குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தவர். சென்ற ஆண்டு அவர் சொற்களின் ஓரங்கள் கரையத் தொடங்கின. ஷிப்டுக்குக் குடித்துவிட்டு வருகிறார் என்று சிலர் பேசினார்கள். நரம்பு நோய், முதலில் பேச்சு போகும் என்றார் மருத்துவர்.

புதுச்சேரியில் பேச்சுப் பயிற்சி அளித்த பெண்மணி ஒரு வழி சொன்னார். குரல் இருக்கும்போதே பதிவு செய்துவைத்தால், பின்னாளில் அவர் தட்டச்சிடுவதை அவர் குரலிலேயே, அவர் பேசும் விதத்திலேயே கருவி பேசும். தமிழில் அது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. எப்போது முழுமை பெறும் என்று தம்மால் சொல்ல இயலாது என்றார். வீட்டில் பேசுவதுபோலவே பேசுங்கள் என்றார்.

எங்கள் ஊரில் மைக்கைக் கண்டதும் நாக்கு சலவை வேட்டி கட்டிக்கொள்ளும். தந்தை தொண்டையைச் செருமினார். “அன்பார்ந்த மனைவியே, நான் தற்போது உணவருந்த விரும்புகிறேன்.”

பயிற்சியாளர் சிரித்துவிட்டார். “ஐயா, எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா? அம்மாகிட்ட இப்படியா சோறு கேப்பீங்க?”

“மெசினு காலத்துக்கும் வச்சிகினு இருக்கும்மா. அதுல போயி வூட்டுப் பேச்சப் பேசிகினு இருப்பாங்களா? எம் புள்ள மேடையில பேசறவன்.”

அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. வாரந்தோறும் பேருந்தேறிப் போனோம். வாரந்தோறும் சொற்பொழிவே பதிவானது. மழைக்காலம் முடிவதற்குள் குரல் அடங்கிவிட்டது.

சோதனைக்கென்று கருவியைத் தந்தார்கள். கூடத்தில் கட்டிலில் அமர்ந்து தந்தை ‘தண்ணி’ என்று தட்டினார். பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்ட மேடைத் தமிழிலேயே அது பேசியது: “தயவுசெய்து சிறிது தண்ணீர் வழங்குங்கள்.” குரல் அவருடையதுதான். சமையலறையிலிருந்து வந்த அம்மா சொம்போடு நின்றுவிட்டாள்.

“யாரோ ஆபீசரு வந்து கேக்கற மாதிரி இருக்குதுங்க.”

அவர் தண்ணீரைக் குடித்தார். கருவியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அதன்பின் அதைத் தொடவில்லை. வேண்டியதைக் கையால் காட்டினார். இப்போது விரல்களும் தளர்ந்து வருகின்றன.

பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். நெருங்கிய உறவினர் ஒருவர் வீட்டுப் பேச்சைப் பதிந்து தந்தால், அதைத் தந்தையின் குரலோடு இணைத்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் முயலலாம் என்றார். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம்; ஆனால் அந்தப் பதிவு பின்னால் இதே நோய் வரும் மற்றவர்களுக்கு உதவும். பலித்தாலும் அதுவரை ஐயாவுக்கு... என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

மேடைக்காக நான் என் நாக்கிலிருந்து தேய்த்துக் கழுவிவிட்ட பேச்சு அது. கட்டிலருகே அமர்ந்து, அம்மாவும் கேட்கும்படி, உரக்கச் சொன்னேன்:

“நம்ம வூட்டுப் பேச்ச நான் பேசித் தரேன்ப்பா. நீ கூப்புடுறது, திட்டுறது, எல்லாம். உனக்கு வந்து சேருமான்னு தெரியல. நாளைக்கு நாக்கு வுழற யாராவது அதுல சோறு கேக்கட்டும். வாரந்தவறாம போயிப் பேசிட்டு வரேன்.”