கம்பெனி ஆயில்

எங்கள் ஊர்ப் பக்கம் கம்பெனி என்றால் சாமிக்கு அடுத்த படி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வீட்டுக்கு ஒருத்தர் வேலை பார்த்தால் போதும். அந்த வீட்டில் கம்பெனி ஷூ இருக்கும், கம்பெனி கையுறை இருக்கும், ஆயுத பூஜைக்குக் கம்பெனி கொடுத்த டிபன் கேரியர் அலமாரியில் அட்டைப்பெட்டியோடு இருக்கும். கடையில் வாங்கின கையுறை கிழியும். கம்பெனி கையுறை கிழியாது. கிழிந்தாலும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பாக்கியம் மாமா வழியாக வந்தது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு ரூம் எடுத்துத் தங்கி, இரும்புக் கம்பி போடும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். நீலச் சட்டை, பாக்கெட்டின் மேல் சிவப்பு நூலில் கம்பெனி பெயர். அந்தச் சட்டையைப் பார்த்தாலே அம்மா ஒரு சுற்றுப் பெருத்துவிடுவாள். நைனா நெல் போடுகிறவர். ஆந்திரா எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்பதால் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும், உர விலை ஆனாலும் சரி, எனக்கு வந்த அம்மை ஆனாலும் சரி, அம்மா "எங்க தம்பி கம்பெனியில" என்று ஆரம்பித்துவிடுவாள். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

நான் அஞ்சாவது படிக்கும்போது ஒரு மழைக்காலத்தில் புயல் வருகிறது என்று டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டதில் எனக்குக் கொண்டாட்டம். நைனாவுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் போட்டது. பின்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அது வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, அந்த வருஷம் எங்கள் கூரைமேல் கை வைக்காத குறையாக நின்றது. ஆள் வைத்து வெட்டலாம் என்றால் ஊரில் இருந்த ஆளெல்லாம் அறுப்புக்குப் போயிருந்தார்கள். அம்மாதான் போன் போட்டாள். "எங்க தம்பி மெஷின் வச்சி அறுத்துடுவான். கம்பெனியில அவன் பாக்காத மெஷினா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

மாமா வந்தார். வேலை நாளில் எப்படி வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. என்னைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பஜாருக்குப் போனார். மரம் அறுக்கும் மெஷினை வாடகைக்கு விடும் கடை ஒன்று அங்கே இருந்தது. கடைக்காரர் மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, குழந்தைக்கு மருந்து சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார். இதில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டூ-டி ஆயிலை அளந்து கலக்கித்தான் ஊற்ற வேண்டும். வண்டி ஆயில், கிரீஸ் ஆயில் என்று கண்டதையும் ஊற்றக்கூடாது. "கம்பெனி ஆயிலா பாத்து ஊத்து தலைவா, மெஷினு பத்து வருசம் பேசும்." பேசிக்கொண்டே, பச்சையும் சிவப்புமாக டப்பாக்கள் அடுக்கின பலகையைக் காட்டினார்.

மாமா சிரித்தார். "கம்பெனி ஆயில் நம்மகிட்டயே கீதுண்ணா."

வீட்டில் ஏற்கெனவே டப்பா வாங்கி வைத்திருக்கிறான் போல என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். அவருக்குக் கம்பெனி என்றால் அந்த மெஷினைச் செய்து சீல் வைத்த டப்பாவில் ஆயிலும் விற்கிறவன். எங்களுக்குக் கம்பெனி என்றால் மாமா வேலை செய்கிற இடம். வேறு ஒரு கம்பெனி உலகத்தில் உண்டு என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. ரெண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

திரும்புகிற வழியில் மாமா கம்பெனி கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். என்னை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே போகவில்லை. கேட்டுக் கம்பி ஓரமாகவே நின்று நீலச் சட்டைக்காரர் ஒருத்தரோடு ரொம்ப நேரம் பேசினார். கடைசியில் அந்த ஆள் ஒரு தண்ணி பாட்டிலில் தேன் மாதிரி கெட்டியாக எதையோ கொண்டுவந்து கொடுத்தார். "எவ்ளோ பெரிய மெஷினுக்கெல்லாம் இதான் ஊத்தறோம் பாப்பா. இந்தப் பொடி மெஷினுக்கு ஒரு சொட்டு போதும்" என்றார் மாமா. எனக்கு நெஞ்சே நிமிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காட்டினாள். நைனா மட்டும், கடையில் டூ-டி ஆயில் ஒரு டப்பா வாங்கிவரட்டுமா என்று மெல்லக் கேட்டார். பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர் அவர். பெட்ரோல் பங்கில் அதைக் கலந்து ஊற்றியது அவருக்கு ஞாபகம் இருந்தது. "இன்னாத்துக்கு மாமா கடை ஆயிலு? இது கம்பெனிது" என்றார் மாமா. மாமாவுக்கு எங்கள் நைனா மாமா முறை. அம்மா புருஷனைப் பார்த்த பார்வையில் நைனா வாயை மூடிக்கொண்டார்.

பெட்ரோலில் அதை ஊற்றி மாமா குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். கலந்த மாதிரிதான் இருந்தது. டேங்கில் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். மெஷின் ஒரு தும்மல் தும்மி, வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு கத்த ஆரம்பித்தது. புகையைப் பார்த்ததும் ஊரே கை தட்டியது. இவ்வளவு புகை வந்தால் எவ்வளவு சக்தி என்று எங்களுக்கு நினைப்பு.

மரம் அந்தப் பக்கம் விழட்டும் என்று வயல் பக்கம் வாய் மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்துவிட்டு, வீட்டுப் பக்கமாக வந்து அறுக்க ஆரம்பித்தார். மரத்தூள் மழை மாதிரி கொட்டியது. பாதி மரம் வெண்ணெய் மாதிரி அறுபட்டது. அப்புறம் மெஷினின் குரல் மாறியது. கீச்சென்று மேலே மேலே ஏறி, யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி சட்டென்று நின்றது. மாமா கயிற்றை இழுத்தார். கயிறு வரவில்லை. காலை மரத்தில் ஊன்றி இழுத்தார். அசையவில்லை. அந்தக் கெட்டி ஆயில் பெட்ரோலோடு சேராமல் அடியில் தங்கிவிட்டது, வெறும் பெட்ரோல் மட்டும் இஞ்சினுக்குப் போய் பிஸ்டன் வெந்து பிடித்துக்கொண்டது என்று பின்னால் கடைக்காரர் சொன்னார். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மெஷின் செத்துவிட்டது. மரம் அதன் பல்லைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. பாதிக்கு மேல் அறுபட்ட மரம் எங்கள் வீட்டுமேல் சாய்ந்து நிற்கிறது. புயல் வந்துகொண்டிருக்கிறது.

நைனா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மாடு கயிற்றை அறுத்தாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன். அவரோ மரத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், அப்படியே தரையில் குந்திவிட்டார். அதைப் பார்த்துதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அம்மா விறுவிறுவென்று வந்தாள். மாமாவின் கன்னத்தில் பளாரென்று ஒரு அறை விட்டாள். மீசை வைத்த ஆளை, நீலச் சட்டை போட்ட ஆளை, இத்தனை பேர் முன்னால்! "என் ஊட்ட இடிக்கத்தான் வந்தியாடா? உன்ன நம்பிக்கினு ஊரு பூரா பீத்திக்கினேனே!" என்று கத்தினாள். அய்யோ, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தம்பியை அம்மா அதட்டிக்கூட நான் கேட்டதில்லை. மாமா கன்னத்தைக்கூடத் தடவவில்லை. சட்டைப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

பெரியப்பா டிராக்டர் கொண்டுவந்தார். லாரிக் கயிறும் வந்தது. ஆனால் கயிற்றைத் தண்டின் அடியில் கட்டி இழுத்தால் மரம் அறுத்த இடத்தில் பிளந்து வீட்டுமேலேயே விழும், உயரத்தில் கட்டி இழுத்தால்தான் வயல் பக்கம் வரும் என்றார் பெரியப்பா. யார் ஏறுவது? காற்று தொடங்கிவிட்டது. ஒவ்வொரு காற்றுக்கும் மரம் அடியில் நெறநெறவென்றது. ஊர் ஆம்பளைகள் எல்லாம் மரத்தைப் பார்க்காமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமா கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறிவிட்டார்.

யாரும் ஏறச் சொல்லவில்லை. வேணாம் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வருவதற்குள் அவர் பாதிக்கு மேல் போய்விட்டார். நைனா "மச்சான், வேணாம்டா, எறங்குடா" என்று கத்தினார். மாமா உச்சிக் கிளையில் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டார். நாங்கள் எல்லாரும் மூச்சை விட்டோம். இறங்குவார் என்று பார்த்தோம். அவர் இறங்கவில்லை. கவையில் கால் வைத்துக்கொண்டு, தொழிற்பேட்டைப் பக்கம் பார்த்தபடி நின்றார். மழை பிடித்துக்கொண்டது. கீழே ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கத் தெரியவில்லை என்று யாரோ கிண்டல் செய்ய, பயத்திலும் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. மேலே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். நேராகப் போய் மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில், மரம் விழுந்தால் எங்கே விழுமோ அந்த இடத்தில், சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நைனா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டாள். நான் "அம்மா, அம்மா" என்று அலறினேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி, நீ எறங்கற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்துக்கினு இருப்பேன்." கத்தவில்லை. சோறு தின்ன வா என்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மாமா கீழே பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு கிளையாக இறங்கி வந்தார். அவர் தரையில் கால் வைத்ததும் அம்மா எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனாள். டிராக்டர் உறுமியது. மரம் மெல்லத் திரும்பி, பெரிய சத்தத்தோடு வயலில் விழுந்தது. பின்னால் குளிக்கக் கட்டியிருந்த தட்டி போயிற்று. வாடகை மெஷின் தண்டுக்கு அடியில் நசுங்கியது. வீட்டு ஷீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஊரே கூச்சல் போட்டது. நான் குதித்தேன். அம்மா மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல், அடித்த கையாலேயே மாமாவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

நான் காலேஜ் சேர்ந்த பிறகு ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள். மரம் அறுக்க வந்தபோதே மாமாவைக் கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்திப் பல வாரம் ஆகியிருந்ததாம். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தினமும் அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ரூமுக்குத் திரும்புவாராம். இது எதுவும் அந்த நாளில் அம்மாவுக்கும் தெரியாது. "அவன் மேல நின்ன நிப்பப் பாத்தேன், எறங்கற நெனப்பு இல்லன்னு தெரிஞ்சிபோச்சி" என்றாள். அடுத்த வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். மாமா இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். ரெண்டு பிள்ளைகள்.

புயல் கடந்த பிறகு அம்மா மாமாவை ரூமுக்கு அனுப்பவில்லை. எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். எனக்கு ஆரம்பத்தில் ஒரே சந்தோஷம். அப்புறம் பேஜாராகிவிட்டது. மாமா செருப்பு மாட்டினால் போதும், "கூடப் போடி" என்பாள். கடைக்குப் போனாலும் நான், பம்புசெட்டுக்குப் போனாலும் நான், முடி வெட்டப் போனாலும் வாசலில் நான். பாண்டி ஆட்டம் எல்லாம் பாதியில் நின்றது. ஒரு நாள் தாங்க முடியாமல் காலை உதைத்து அழுதேன். "நான் இன்னா கொழந்தையா? எனக்கு எதுக்கு மாமா காவலு?"

அம்மா சுள்ளென்று திரும்பினாள். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. "என் கண்ணு இல்ல, போய்ட்டு வா. மாமா கைய மட்டும் வுட்டுடாத" என்றாள்.

பஜாரில் கூட்டம் அதிகம், பிள்ளை தொலைந்துவிடும் என்று பயப்படுகிறாள் என எனக்குப் புரிந்தது. சரி, தொலைய மாட்டேன் என்று அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, மாமாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன்.