வதந்தி பரப்பிய நர்ஸம்மா

எமர்ஜென்சி காலத்தில் கவர்மென்டுக்கு எதிராகப் புரளி கிளப்பினவள் என்று ஞானபூரணம் நர்ஸம்மாவைப் பற்றி யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும். சொல்கிறவர்கள் லேசுப்பட்ட ஆட்களா? பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறவர்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்கிறவர்கள். என் சைக்கிள் கடைக்குக் காற்றடிக்க வந்த இடத்தில் இந்தப் பேச்சை எடுத்தால், பம்பை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் பாதிப் பேர் வயல் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் தறிக்குப் போகிறவர்கள். தெருமுனையில் என் கடை. எதிரே இருந்த ஓட்டுக் கட்டடம்தான் பிரசவ விடுதி. அதில் ஞானபூரணம் பதினைந்து வருஷம் போல நர்ஸாக இருந்தார். பிறந்த ஊர் நாசரேத்துப் பக்கம். கணவர் தாவீது பஸ் ஸ்டாண்டில் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். அதில் வருவது அவர் போடும் வெற்றிலைக்கே காணாது. ஐந்து பிள்ளைகளும் நர்ஸம்மாவின் சம்பளத்தில்தான் சாப்பிட்டன. வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாகத் தெருவில் இறங்கினால் யாரையாவது ஏசாமல் நடக்கமாட்டார். "ஏட்டி, புள்ள மூக்கத் தொடைக்கக்கூட ஒனக்குக் கை வரலயா?" என்று ஆரம்பித்தால் அந்த வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லாதது வரைக்கும் போகும்.

இரண்டு பிள்ளை போதும் என்று அவர் சொல்லும்போது பெண்கள் சிரிப்பார்கள். "ஒங்களுக்கு அஞ்சு, எங்களுக்கு ரெண்டாக்கும் நர்ஸம்மா?"

"அஞ்சு பெத்துச் சீரழிஞ்சதுனாலதாம்ட்டி சொல்லுதேன். ரெண்டு பெத்தவ வந்து சொன்னா நீ கேப்பியா?"

இப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த பேச்சு எழுபத்தாறில் மாறிப்போனது. ஆளுக்கு இத்தனை கேஸ் பிடிக்க வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு. கேஸ் என்றால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஒரு ஆள். வாத்தியார் கேஸ் தேடி அலைந்தார், தலையாரி அலைந்தார். சுவரெல்லாம் 'வதந்தியை நம்பாதே, வதந்தி பரப்பாதே' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நர்ஸம்மாவுக்கும் கணக்கு உண்டு. ஆனால் அவர் ஒருத்தரையும் மிரட்டியதில்லை. கேட்பார், வேண்டாம் என்றால் ஏசுவார், போய்விடுவார்.

அந்த வருஷம் ஆவணியில் முருகம்மாளுக்குப் பிரசவ வலி எடுத்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற சின்னப் பெண். புருஷன் நல்லகண்ணு வண்டியடிக்கிறவன். மூத்தது பேச்சித்தாய், மூன்று வயது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் குறுக்காகக் கிடந்தது. இங்கே முடியாது என்று நர்ஸம்மாவே வாடகைக் கார் பிடித்து முருகம்மாளை வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அங்கேயும் நல்ல டாக்டர்கள் இருந்தார்கள். எப்படியோ பிள்ளையைத் திருப்பி எடுத்தார்கள். ஆண் பிள்ளை. மறுநாளே இறந்துவிட்டது. முருகம்மாள் வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து விடுதிக்கு வந்து நர்ஸம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். "எனக்கு என்னமோ பண்ணிட்டாவம்மா. வயித்துல தச்சிருக்கு. பக்கத்துக் கட்டில்காரி சொல்லுதா, இனிமே புள்ளையே பெறக்காதாம்."

நர்ஸம்மா அவளைப் பேசவே விடவில்லை. "சும்மா கெட. பிரசவம் கஷ்டம்னா தையல் போடத்தான் செய்வாவ. ஒன்னைக் கேக்காம எவன் ஆபரேஷன் பண்ணுவான்? கண்டவ பேச்சக் கேட்டுப் புரளி கெளப்பாத" என்று அனுப்பிவிட்டார். சேலையை விலக்கி அந்தத் தையல் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. வேலை பார்க்கிற இடத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. தன்னைப் போலத்தான் எல்லாரும் கேட்டுவிட்டுச் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

நர்ஸம்மா கேட்காததைத் தெரு கேட்டது. கிணற்றடியில் கேட்டது, களத்துமேட்டில் கேட்டது. கேட்டது ஒன்று, அடுத்த ஆளிடம் சொன்னது ஒன்பது. நர்ஸம்மாதான் கேஸ் கணக்குக்காக அவளைக் கொண்டுபோய்த் தள்ளினாள் என்றார்கள். பிறகு, விடுதியில் பிள்ளைகளுக்குப் போடுகிற முத்தடுப்பு ஊசியும் அதே கதைதான், இப்போதே குத்திவிட்டால் பெரியதானதும் பிள்ளை பிறக்காது என்றார்கள். ஊசி போடும் நாளில் விடுதி வாசலுக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை.

என் வீட்டுக்காரி ஆவுடையம்மாள் எங்கள் மகளைக் கொண்டுபோகமாட்டேன் என்று நின்றாள். நான் குதித்தேன். ஊசி வேறு ஆபரேஷன் வேறு, அறிவில்லையா என்றேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: "ஆத்தாளுக்குத் தெரியாம அறுத்தவன், புள்ளைக்குத் தெரியாமக் குத்தமாட்டானா?"

சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன் நான், என்ன பதில் சொல்வேன்? ஊசியைப் பற்றி அவள் நினைத்தது தப்பு. ஆனால் அவள் கேட்டதில் தப்பு இல்லை. டீக்கடைக்காரர்கள் என்னடாவென்றால், படிக்காத சனம், எதைச் சொன்னாலும் நம்பும் என்று சிரித்தார்கள். புரளியை நம்புவது முட்டாள்தனம் சரி. முருகம்மாள் வீட்டு வாசல்வரை போய் நடந்ததா என்று ஒரு வார்த்தை கேட்காமல், அப்படியெல்லாம் நடக்காது என்று டீ குடித்துக்கொண்டே அடித்துச் சொல்வது எந்த ஊர்ப் புத்திசாலித்தனம்? இப்படி அவர்களிடம் கேட்டுவிட்டு, அந்தக் கடையில் நான் டீ குடிப்பதையே விட்டேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் அடைப்பான் வந்தது. தொண்டைக்குள் வெள்ளையாகப் படர்ந்து மூச்சை அடைக்கிற நோய். பக்கத்துத் தெரு பிச்சையாவின் மகள் அன்னக்கிளி, நாலு வயது, இரண்டே நாளில் போய்விட்டாள். முத்தடுப்பு ஊசி அதற்குத்தான். நர்ஸம்மா வீடு வீடாக ஏறி இறங்கினார். கெஞ்சினார். அவர் கெஞ்சி நாங்கள் பார்த்ததே இல்லை. அவர் வெள்ளைச் சேலையைத் தூரத்தில் கண்டதுமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

ஆவுடையம்மாள் கதவில் கை வைத்து மறித்துக்கொண்டு சொன்னாள்: "முதல்ல முருகம்மா வயித்தப் போய்ப் பாருங்க. அப்புறமா எங்க புள்ளைக்கு ஊசி போடலாம்."

நர்ஸம்மா திரும்பி நேரே முருகம்மாள் வீட்டுக்குப் போனார். தொப்புளுக்குக் கீழே சின்னதாக ஒரு தழும்பு. பிரசவத் தையல் அங்கே வராது. அது எந்த ஆபரேஷன் தழும்பு என்பது அவருக்குப் பார்த்த உடனே தெரியும். வெளியே வந்து என் கடை முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். செம்பை வாங்கினார், குடிக்கவில்லை.

"அவளுக்கு இருபத்திரெண்டு வயசு, மாகாளி. என்ன நம்பித்தான் அவ கார்ல ஏறுனா" என்றார். என் பெயர் உச்சிமாகாளி.

மறுநாள் ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பில் சுகாதார ஆபீஸ் மேலதிகாரி வந்து இறங்கினார். கூட வேனில் ஊசி மருந்தும் ஆட்களும். தெருவை விடுதி முன்னால் கூட்டினார்கள். எமர்ஜென்சி, வரமாட்டேன் என்று யார் சொல்வது? அதிகாரி மைக்கைப் பிடித்தார். "யாருடைய சம்மதமும் இல்லாமல் எங்கேயும் ஆபரேஷன் நடக்கவில்லை. இது தேசத்துரோகிகள் கிளப்பிய வதந்தி. அறியாமையில் கிடக்கும் நீங்கள் அதை நம்பி உங்கள் குழந்தைகளை நீங்களே கொல்கிறீர்கள்."

பிச்சையா கூட்டத்தில் நின்றான். பிள்ளையைப் புதைத்து முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை. முருகம்மாள் சுவரோரம் பேச்சித்தாயை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த ஆளை அங்கேயே செருப்பால் அடித்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் அடிக்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

"உங்கள் நர்ஸே சொல்வார், கேளுங்கள்" என்று மைக்கை ஞானபூரணம் கையில் கொடுத்தார் அதிகாரி. எல்லாம் பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை நிலைக்கும். ஐந்து பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்கும்.

"முருகம்மா சொன்னது புரளி இல்ல" என்றார் நர்ஸம்மா. "நெசம். தழும்ப நான் எங் கண்ணால பாத்தேன். பிரசவத்துக்குப் போனவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஆபரேஷன் பண்ணிட்டாவ. அவ எங்கிட்ட வந்து சொன்னப்போ நானும் அவ வாயத்தான் அடைச்சேன்..."

டிரைவர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டான். பதினைந்து வருஷம் பிரசவ அறையில் 'முக்குட்டி, முக்கு' என்று கத்திப் பழகிய தொண்டை அது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு நர்ஸம்மா தொடர்ந்து பேசினார்.

"அது அநியாயம். இந்த ஊசி வேற. இது அடைப்பானுக்கு. அன்னக்கிளிக்குப் போட்டிருந்தா அவளக் காப்பாத்தியிருக்கலாம். முருகம்மாவுக்கு நடந்தத ஒங்க முன்னால சொன்ன இதே வாய்தான் இதயும் சொல்லுது. நம்பினா ரெண்டையும் நம்புங்க. இல்ல, ரெண்டையும் நம்பாதீக."

அதிகாரி ஏதோ கத்தினார். ஒருத்தரும் அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் சுவரோரம்தான் பார்த்தார்கள். முருகம்மாள் மெதுவாக நடந்து வந்து பேச்சித்தாயின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"எனக்கு இனி இது ஒண்ணுதான். இதுக்குப் போடுங்க" என்றாள்.

பிள்ளை வீறிட்டு அழுதது. அடுத்து ஆவுடையம்மாள் எங்கள் மகளை இழுத்துக்கொண்டு போனாள். பிறகு வரிசை என் கடையைத் தாண்டி நின்றது. அத்தனை சுவரில் எழுதியும் ஜீப் வைத்துக் கத்தியும் சாகாத புரளி, நடந்ததை நடந்தது என்று ஒருத்தி ஒப்புக்கொண்டதும் செத்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா?

ஆபீசுக்குப் புரிந்தது வேறு. அந்த வாரமே ஞானபூரணம் சஸ்பெண்ட். காரணம், வதந்தி பரப்பியது. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்காரவைத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை விடாமல் ஊசி போட்டு வதந்தியை முறியடித்தவர் என்று அந்த அதிகாரிக்கு ஆபீஸ் கூட்டத்தில் மாலை போட்டார்களாம். முருகம்மாளை அறுத்தவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நர்ஸம்மாவின் மூத்த மகள் படிப்பை விட்டுவிட்டுத் தறிக்கு நூல் சுற்றப் போனாள்.

முத்தடுப்பு ஊசி ஒன்றோடு முடிகிற சங்கதி இல்லை. அடுத்த ஊசிக்கு நாள் வந்தபோது விடுதியில் புது நர்ஸ் இருந்தாள். வெளி ஜில்லாக்காரி, சின்னப் பெண், நல்ல பெண்ணும்கூட. காலையிலிருந்து ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பிள்ளைகூட வரவில்லை. பழைய நர்ஸம்மா வந்து பக்கத்தில் இருக்கட்டும், கொண்டுவருகிறோம் என்று பெண்கள் சொல்லியனுப்பினார்கள். ஆபீசிலிருந்து பியூன் என் கடைக்கு வந்து ஞானபூரணம் வீட்டுக்கு வழி கேட்டான். அவனுக்கு முன்னால் நான் ஓடினேன்.

"போகாதீங்கக்கா. வேலய விட்டுத் தொரத்தினவன் கூப்பிடுதான், வெக்கமில்லாம" என்றேன்.

"அடுத்த ஊசி போடலன்னா முதல் ஊசி போட்டும் புண்ணியமில்லலா மாகாளி" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். வரலாம், ஆனால் வெள்ளைச் சேலை கட்டக் கூடாது என்று பியூன் சொன்னான். வீட்டில் கட்டியிருந்த பழைய கட்டம் போட்ட சேலையோடே போய் விடுதி பெஞ்சில் உட்கார்ந்தார். சம்பளம் கிடையாது. பிள்ளைகளை மடியில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார், புது நர்ஸ் குத்தினாள்.

முருகம்மாள் வந்தாள். அழுத பேச்சித்தாயைச் சமாதானப்படுத்த அந்தப் புதுப் பெண் சிரித்த முகமாகக் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். பாவம், அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"இது ஒண்ணுதானாம்மா? இதுக்குத் துணைக்கு இன்னொண்ணு எப்போ?" என்று கேட்டாள்.

பெஞ்சில் இருந்த நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டார். முருகம்மாள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஒங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றாள்.