அக்கா தொடங்காத குரவை

எங்கள் அக்கா குருக்கள்மடம் கிராமத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். படிப்பில் சுமார். சமையலில் அதைவிடச் சுமார். ஆனால் குரவை ஒலி எழுப்புவதில் அவரை வெல்ல ஆளில்லை. கோயிலிலும் கலியாண வீட்டிலும் அக்கா நாக்கைச் சுழற்றித் தொடங்கிய பிறகுதான் மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். ஊரில் அது எழுதாத சட்டம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், கலியாணமாகி நான்காம் வருடம், அவருடைய விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. பிறகு மணிக்கட்டு, முழங்கால். இது வாதம், கூடியும் குறைந்தும் இருக்கும், முற்றாக மாறாது என்றார் டாக்டர். காலையில் கையை விரிக்கவே ஒரு மணித்தியாலம் செல்லும். அதையெல்லாம் அக்கா தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது வேறு. அயல்வீட்டுக் கலியாணத்தில் வந்தவர்களுக்கு வெற்றிலை வட்டாவை நீட்டும்போது அது கைநழுவி விழுந்தது. யாரோ "அபசகுனம்" என்றார்கள். அன்றோடு அக்கா வெளியே போவதை நிறுத்தினார், சிரிப்பதையும்தான். வாவியில் வலை வீசும் அத்தான், அக்காவுக்குத் தலை பின்னப் பழகினார். பார்க்கச் சகிக்காத பின்னல். அதற்குக்கூட அக்கா சிரிக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி கிடந்ததுதான் எங்களுக்குப் பெரிய வேதனை.

அடுத்த வருடம் எனக்குக் கலியாணம்.

"நான் அறைக்குள்ளயே இருக்கன் தங்கச்சி. என்ட கை ராசியில்லாத கை" என்றுவிட்டார். நான் அழுதும் அம்மா கெஞ்சியும் பயனில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வாசல் படலையடிக்கு வந்துவிட்டார்கள். குரவை கேட்காமல் மாப்பிள்ளை உள்ளே கால்வைப்பதில்லை. எங்கள் பெண்களோ பழக்கதோஷத்தில், அக்கா தொடங்கட்டும் என்று காத்து நின்றார்கள். அவர் அறைக்குள் என்று நினைவு வந்ததும், நீ போடு, நீ போடு என்று ஒருவரையொருவர் இடித்தார்கள். ஒருத்தி துணிந்தாள்; அது இருமலில் முடிந்தது. உச்சி வெயிலில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையின் கீழ் வியர்வை வழிந்தது. அவருடைய தாயார், என் மாமி, பொறுமை இழந்தார்.

"என்னகா, ஒரு குரவைக்கு ஆளில்லையா? நாங்க கிறுகித் திரும்பிப் போறதா?"

அறைக்குள்ளிருந்து அக்கா எங்கள் பெண்களை ஏசிக் கத்தினார்: "உங்கட தொண்டையில மீன்முள்ளா சிக்கியிருக்கு? ஒள்ளுப்ப நேரம் நில்லுங்க மாமி!"

அடுத்த கணம் யன்னல் வழியாகக் குரவை புறப்பட்டது. பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் மாமி அசையவில்லை.

"போட்ட பிள்ள எங்க? அவ வந்துதான் எங்கள உள்ளுக்குக் கூப்பிடணும்."

அத்தான் அக்காவை உட்கார்ந்திருந்த கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

"கவனம்! வட்டாவப்போல என்னையும் விழுத்திப்போடாதீங்க" என்றார் அக்கா.

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். மணப்பெண் என்பதை மறந்து நான் ஓவென்று அழுதேன்.

வாத வருத்தம் மாறவில்லை. படுக்கையை விட்டு எழும்ப முடியாத நாட்கள் எத்தனையோ வந்தன. "இண்டைக்கு மூட்டெல்லாம் கூத்தாடுது" என்பார். அத்தானின் பின்னலைப் பழித்துச் சிரிப்பார். கலியாண வீட்டு வண்டி வந்தால் குரவை போடப் புறப்பட்டுவிடுவார். சென்ற வருடம் ஒரு காய்ச்சல் மூன்றே நாளில் அவரை எங்களிடமிருந்து பிரித்துவிட்டது.

வீடு தேடி வந்து மருந்து தந்த அப்போதிக்கரி ஐயாவுக்கும், கையை உயர்த்தாமல் போடும்படி அகலக் கை வைத்த சட்டைகள் தைத்துத் தந்த காத்தான்குடித் தையல்கார நானாவுக்கும், கடைசிவரை தலை பின்னிய அத்தானுக்கும் எங்கள் நன்றி. இந்த ஊருக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். இருபது வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் வருத்தக்காரியைப் பார்க்க வந்தவர்கள் கொஞ்சப்பேர். அக்காவைக் கூட்டிப்போக வந்தவர்களே அதிகம்.