பேக்கேஜ்னா பேக்கேஜ்

புருவம் எடுக்கும் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் காமினி அக்கா பேரத்தை முறிப்பார். "மருதாணி வேணாங்க்கா, அதுக்குப் பதிலா அம்மாவுக்கு ஒரு கொண்டை போட்டு விட்டுருங்களேன்" என்று மணப்பெண் கெஞ்சுவாள். பல்லிடுக்கிலிருந்து பதில் வரும்: "பேக்கேஜ்னா பேக்கேஜ் லா. அதுல கை வைக்காதே." அதற்கு மேல் அவளால் வாதாட முடியாது. அவளுடைய இரண்டு கைகளும் அவளுடைய புருவத் தோலையே இழுத்துப் பிடித்திருக்கும், கண்கள் மூடியிருக்கும். கையையும் கண்ணையும் பறிகொடுத்துவிட்டுப் பேரம் பேச நம்மவர்களுக்கு வராது.

குவீன் ஸ்திரீட்டில் ஒரு சேலைக் கடையின் மாடியில் இருக்கிறது 'காமினி அழகு நிலையம்'. காமினி என்று யாரும் பிறக்கவில்லை. அடையாள அட்டையில் இருப்பது சின்னம்மா. "சின்னம்மான்னு போர்டு போட்டா யாரு வந்து மூஞ்சிய காட்டுவா?" என்று கடை திறந்த அன்றே பெயரை மாற்றிக்கொண்டார். மருத்துவமனையில் தாதி "சின்னம்மா அனாக் பெரம்புவான் பிச்சைமுத்து" என்று, இன்னார் மகள் என்பதை மலாயில் சேர்த்து உரக்கக் கூப்பிடும்போது, 'யாரோ ஒரு வயதான நோயாளி, பாவம்' என்ற முகத்தோடு அக்காவும் திரும்பிப் பார்ப்பார். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து நிற்பார்.

இப்போது அவருக்குத் தலைமுடி இல்லை. புருவமும் இல்லை. ஊர்ப் பெண்களின் புருவத்தையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர், தன் புருவத்தைத் தினமும் காலையில் பென்சிலால் வரைந்துகொள்கிறார். இதில் ஒரு வசதியையும் கண்டுபிடித்திருக்கிறார். கடைக்கு வந்தால் சாந்தமான புருவம். சேலைக் கடைக்காரர் மாடிப்படியில் மூட்டையை அடுக்கிவைத்தால் வில்லாக வளைந்த புருவம். "இன்னைக்கு டாக்டரப் பார்க்கணும், கோவப் புருவம்தான் சரி" என்று ஒருநாள் சொன்னார். டாக்டருக்குப் புருவ மொழி தெரியாது என்பது வேறு விஷயம்.

மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆன பிறகு ஒருநாள் இரத்தம் பட்டது. உடம்புச் சூடு என்று தீர்மானித்து இளநீர் குடித்தார். மறுபடியும் பட்டது, மறுபடியும் இளநீர். "கல்யாண சீசன், உட்கார நேரமில்ல, சூடு ஏறாம என்ன செய்யும்?" வாடிக்கையாளர் கன்னத்தில் கடுகளவு மச்சம் நிறம் மாறினாலும் "போய் டாக்டரப் பாரு" என்று விரட்டுகிறவர் இவர். ஒருவழியாகப் போய்ப் பார்த்தபோது, கர்ப்பப்பையின் உட்சுவரில் தொடங்கிய புற்றுநோய் வயிற்றில் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்குக் குடிபோயிருந்தது. கர்ப்பப்பையை எடுத்தார்கள். எட்டாத இடங்களில் இருப்பதற்கு மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். ஒரே மருந்து போதாது. சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

டாக்டர் ஹாரிஸ் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வளர்ந்தவர், தமிழில் விளக்கக்கூடியவர். அக்காவுக்கு 'டாக்டர் தம்பி'. அவர் 'காம்பினேஷன்' என்றார். அக்காவின் காதில் அது 'பேக்கேஜ்' என்று விழுந்தது. அதற்குப் பிறகு டாக்டரும் அந்தச் சொல்லுக்கே வந்துவிட்டார்.

ஏ பேக்கேஜில் பாக்லிடாக்சல், கார்போபிளாட்டின். முடி கொட்டும். விரல்நுனியும் பாதமும் மரத்துப் போகலாம். நிறுத்திய பிறகு சிலருக்கு உணர்ச்சி திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. பி பேக்கேஜ் பழையது: சிவப்பு நிறத்தில் இருக்கும் டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின். முடி அதிலும் போகும். விரல் மரப்பது குறைவு, ஆனால் குமட்டல் கடுமை. இதயத்தையும் சிறுநீரகத்தையும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"மூணு மருந்து சேர்ந்த பெரிய பேக்கேஜும் ஒண்ணு இருந்துச்சு அக்கா. அதையும் ஏ-யையும் நிறைய பொம்பளைங்களுக்குக் குடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ஆயுசு விஷயத்துல ஏ பின்தங்கல. உடம்பு படற பாடு மட்டும் கொறைவு. அதான் ஏ-ய சொல்றேன்." உடம்பின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும் புது மருந்து ஒன்றையும் கூடவே சேர்க்கலாம், அதைத் திசுப் பரிசோதனை முடிவைப் பார்த்துப் பேசுவோம் என்றார்.

"அது ஆட்-ஆன்" என்று அக்கா ஒதுக்கிவைத்தார். "மொதல்ல பேக்கேஜ முடிப்போம்."

முடியைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடியை வைத்துப் பிழைப்பவர் முடிக்காக அழுவார் என்று எதிர்பார்த்து மெல்லுதாளை நீட்டிய தாதி ஏமாந்தார். அக்கா விரலிலேயே நின்றுவிட்டார். புருவம் எடுத்து முடித்ததும், நுனிவிரலால் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பிய பூனைமுடி விரலுக்குத்தான் அகப்படும். நூலை எவ்வளவு இறுக்கினால் முடி வரும், எவ்வளவு இறுக்கினால் தோல் கிழியும் என்பதும் விரலுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு.

"வெரலு செத்தா கடை செத்துச்சு. கடை செத்தா நான் எதுக்கு லா பொழைக்கணும்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சிவநேசன், "அப்ப நான்?" என்றார்.

"நீங்க பஸ் ஓட்டுங்க."

பிறகுதான் அக்கா பேரத்தை ஆரம்பித்தார். "இப்படிப் பண்ணுவோம் டாக்டர் தம்பி. ஏ-ல இருக்கிற கார்போவ வெச்சுக்குங்க. பி-ல இருக்கிற அந்தச் செவப்பு மருந்த எடுத்து அதோட போடுங்க. வெரல மரக்க வைக்கிற சாமான மட்டும் கழிச்சிருங்க. உங்களுக்கும் நஷ்டமில்ல, எனக்கும் நஷ்டமில்ல."

டாக்டர் ஹாரிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அக்கா, என் கல்யாணம் ஞாபகம் இருக்கா? ஷரீஃபாவுக்கு நீங்கதானே மேக்கப் போட்டீங்க?"

"ஏன் இல்லாம? வலது புருவம் கொஞ்சம் ஒசரம்."

"நாங்க முக்காடு போடறவங்க, முடி அலங்காரம் எங்களுக்கு வேணாம், அதுக்குப் பதிலா எங்கம்மாவுக்கு ஒரு ஃபேசியல் பண்ணுங்கன்னு கேட்டோம். நீங்க என்ன சொன்னீங்க?"

 சிவநேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் அவருடைய தோள் குலுங்கியது.

"நான் பிடிவாதத்துக்குச் சொல்லல அக்கா. இது ஜோடியா பரீட்சை எழுதின மருந்து. ஜோடிக்குத்தான் மார்க்கு. பிரிச்சு வேற ஆள் பக்கத்துல உட்கார வெச்சா எவ்ளோ வாங்கும்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று அக்கா எழுந்தார். பக்கத்துக் கடையில் விசாரிக்கப் போகிற வாடிக்கையாளர்கள் அவரிடம் சொல்லும் அதே வாக்கியம்.

அவரும் விசாரிக்கத்தான் போனார். மருந்தேற்றும் கூடத்தில் வரிசையாக நாற்காலிகளில் சாய்ந்திருந்த பெண்களிடம், "நீங்க ஏ-யா, பி-யா?" என்று கேட்டுக்கொண்டு நடந்தார். யாருக்கும் புரியவில்லை, ஆனால் கேட்ட தோரணையில் எல்லோரும் பதில் சொன்னார்கள். கைப்பையிலிருந்து நூலை எடுத்து, "கண்ண மூடு புள்ள" என்று சொல்லி, எந்த விரலில் நூல் படுகிறது என்று சோதித்தார். பாக்லிடாக்சல் ஏறிய ஒரு சீன மூதாட்டி நூல் பட்ட விரலை விட்டுவிட்டுப் பக்கத்து விரலைக் காட்டினார். அக்காவின் முகம் வாடியது. இன்னொருத்தி சரியாகச் சொன்னாள். முகம் தெளிந்தது.

பி பேக்கேஜ்காரி ஒருத்தி மட்டும் இருந்தாள். ஜுருவில் ஒரு கார் பட்டறையின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தனுஜா. நீரிழிவால் அவளுடைய கால் நரம்புகள் ஏற்கெனவே பழுதாகியிருந்ததால் ஏ வேண்டாம் என்று மருத்துவர்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் விரல்நுனி உணர்ச்சி இன்னும் போகவில்லை. அக்கா நூலை வைத்த இடமெல்லாம் பிசகாமல் சொன்னாள்.

"பார்த்தியா, வெரலு ஜம்முனு இருக்கு!"

"இருக்குதான் அக்கா" என்றாள் தனுஜா, கண்ணைத் திறக்காமலே. "அந்த வெரலால ஒரு வாய் சோறு எடுத்து வாயில வைக்கத்தான் முடியல. உங்களுக்கு ஏ போலேன்னா, ஏ-யவே எடுங்க. எனக்கு அது கெடைக்கல." முடியுமா, கூடாதா என்பதை 'போலே', அதாவது முடியும், என்ற ஒரு மலாய்ச் சொல்லில் முடித்துவிட்டு அவள் வாந்திக் கிண்ணத்தை நோக்கிக் குனிந்தாள். அக்கா நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டு, அவள் முதுகைத் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

ஏ என்று கையெழுத்துப் போட்டார். ஆனால் விரலை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லவில்லை. மருந்து ஏறும்போது கைகளைக் குளிர்ச்சியாக வைத்தால் மரப்பு குறையலாம், உறுதியில்லை என்று தாதி சித்தி ஹாஜரா சொல்லியிருந்தார். 'உறுதியில்லை' என்பது அக்காவின் காதில் ஏறவில்லை.

ஒவ்வொரு முறையும் அவர் மருத்துவமனைக்கு வருவது ஒரு தொழிற்சாலைப் பேருந்தில். பாயான் லெப்பாஸ் தொழிலாளர்களை இறக்கிவிட்டு, சிவநேசன் காலிப் பேருந்தைக் குவீன் ஸ்திரீட் முனைக்குக் கொண்டுவருவார். அத்தனை இருக்கைகளுக்கும் ஒரே பயணியாக, மடியில் ஐஸ்பெட்டியோடு, அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து வருவார். பெட்டிக்குள் ஐஸ்கிரீம் மலேசியா: பிளாஸ்டிக் குழாயில் ரோஜா சிரப்பை ஊற்றிக் கட்டி உறையவைத்த, பள்ளிப் பிள்ளைகள் உறிஞ்சும் ஐஸ். மருந்து ஏறி முடியும்வரை இரு கைகளிலும் அதைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வார். உருக உருகச் சிவநேசன் புதிது எடுத்துக் கொடுப்பார். கைபேசி அடித்தாலும், மூக்கு அரித்தாலும் அக்கா கையைத் திறப்பதில்லை. மூக்கைச் சொறிந்துவிடுவதும் சிவநேசன்தான். உருகியதை வீணாக்கக் கூடாது என்று கூடத்திலுள்ள துணையாட்களுக்குக் கொடுத்துவிடுவார். இளஞ்சிவப்பு நாக்குகளோடு நாலைந்து பேர் வெளியே நடமாடினால், அன்று காமினி அக்காவின் முறை என்று அறியலாம்.

மூன்றாம் முறைக்குப் பிறகு வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஊசி குத்துவது போலத் தொடங்கி, நுனி மரத்தது. வாடிக்கையாளர் ஒருத்தி "ஸ்ஸ்" என்றாள். புருவத்துக்கு மேல் தோல் சிவந்திருந்தது. முப்பது வருடத் தொழிலில் அக்கா அன்றுதான் முதல்முறையாக ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் அதிர்ந்துபோனது எரிச்சலாலா மன்னிப்பாலா என்று தெரியவில்லை.

அந்த வாரமே ஸ்கேன் முடிவும் வந்தது. கணுக்களில் இருந்தது பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது.

டாக்டர் ஹாரிஸ் விரல்களைச் சோதித்துவிட்டு, "இப்ப மாத்தலாம் அக்கா" என்றார். "பாக்லிடாக்சலுக்கு ஒரு பங்காளி இருக்கு, டோசிடாக்சல். நரம்புக்குக் கொஞ்சம் எதமானது. இல்ல, அளவக் கொறைக்கலாம்."

கோபப் புருவம் மேலேறியது. "அன்னைக்கு நான் கேட்டப்ப பேக்கேஜ்னா பேக்கேஜ்னீங்க?"

"அன்னைக்கு வேற. இன்னைக்கு உங்க வெரலு."

"வேல செய்யுதா இல்லியா?"

"செய்யுது."

"அப்ப கை வைக்காதீங்க லா."

"கடை செத்தா எதுக்குப் பொழைக்கணும்னு கேட்டீங்களே அக்கா?"

"கேட்டேன். அப்ப எனக்குப் பொழைப்பேன்னு தெரியாது."

விரலைக் காப்பாற்ற மருந்தை மாற்றச் சொன்னவர் மருந்தைக் காப்பாற்ற விரலைப் பணயம் வைத்தார். மாற்ற மாட்டேன் என்ற டாக்டர், மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். கடைசியில் டாக்டர் ஒரு முறைக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனால் கேட்காமலே மாற்றிவிடுவேன் என்றார். "பொத்தான் வெச்ச சட்டையே நான் போடறதில்ல" என்று அக்கா எழுந்தார்.

நாலாம் முறை முடிந்த வாரம் ஒரு மணப்பெண் வந்தாள். பேரம் பேசினாள், தோற்றாள், கண்ணை மூடினாள். அக்கா வழக்கத்தைவிட மெதுவாக நூலை ஓட்டினார். தாடை இறுகியிருந்தது, இறுக்கத்தை இப்போது விரலுக்குப் பதில் பல் அளந்தது. முடித்துவிட்டு விரலை நீட்டியவர், அதை மடக்கிக்கொண்டார். வலது கையைத் திருப்பி, வளையலை மேலே தள்ளி, நாடி துடிக்கும் மெல்லிய தோலால் மணப்பெண்ணின் புருவத்தை மூக்கோரத்திலிருந்து மெதுவாக வருடினார். வால்பகுதியில் மணிக்கட்டு நின்றது. கொஞ்சம் பின்னுக்குப் போய், மறுபடியும், பூனைமுடி தட்டிய அதே இடத்துக்கு வந்து நின்றது.